தோணிக்கு எந்தத் தார்? கடையில் கிடைக்கும் நாலு கறுப்புச் சரக்கும் அதன் குணமும்

மட்டக்களப்பு ரவுணிலோ வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமோ ஒரு ஹாட்வெயாருக்குப் போய் "தார் ஒரு ரின் தாங்க" என்று கேட்டால் நாலு சரக்கில் ஏதாவது ஒன்று கைக்கு வரும். நாலும் கறுப்பு, நாலுக்கும் பெயர் தார். ஆனால் அத்திவாரத்துக்குப் பூசுவதைத் தோணிக்குப் பூசினால் ஒரு மாரி தாங்காது. றோட்டுக்கு ஊற்றுவதைத் தோணி மூட்டில் ஊற்றினால் சித்திரை வெயிலில் பலகை வழியே வழிந்து மணலில் சொட்டும்.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். மரத் தோணியின் வெளி அடிப்பக்கத்துக்கு, கரைப்பானில் இளக்கி ரின்னில் அடைத்து வரும் பிற்றுமின் பெயின்ற் நல்லது. பலகை மூட்டுக்கு, காற்றூதிக் கடினமாக்கிய கட்டிப் பிற்றுமின். தண்ணீரில் கலந்து வரும் கபிலநிறக் குழம்பு அத்திவாரத்துக்கும் சுவருக்கும் மட்டும். பீப்பாவிலிருந்து வெட்டிக் கிலோக்கணக்கில் தரும் றோட்டுத் தார் மலிவு, ஆனால் தோணிக்கு ஆகாது. பைபர் போட்டுக்கு இந்த நாலில் எதுவுமே வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

ரின்னுக்குள் இருப்பது என்ன என்று விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும். பழைய தமிழில் கீல் என்று ஒரு சொல் உண்டு. நிலத்திலிருந்தும் மரத்திலிருந்தும் கிடைக்கும் கறுப்புப் பசைக்கு அந்தப் பெயர். பிற்றுமின் என்பது நிலத்துக் கீல்தான். இன்று சுத்திகரிப்பு ஆலையில் மசகெண்ணெயைக் காய்ச்சிப் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்கும் மண்டி அது. இதே வேலையைச் சில கடற்கரைகளில் இயற்கை ஆலை இல்லாமலே செய்துகொண்டிருக்கிறது.

அதற்கு மூன்று விடயம் ஒன்றாக அமையவேண்டும். முதலாவது, நுண்ணிய பாசிகளும் மிதவை உயிர்களும் அடர்ந்து படிந்த கடலடிச் சேறு. இரண்டாவது, அந்தச் சேறு சில கிலோமீற்றர் ஆழத்தில் புதைந்து, ஏறத்தாழ 60 முதல் 150 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் பல இலட்சம் ஆண்டு வேகவேண்டும். மூன்றாவது, வெந்து வந்த எண்ணெய் மேலே ஏற வெடிப்போ பிளவோ இருக்கவேண்டும். மேலே மூடியிருக்கும் பாறை முழுக்க இறுக்கமாக இருந்தால் எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். மூடி கசிந்தால் கடலடியிலும் கரையிலும் ஊறும். வெளியே வந்ததும் இலேசான பங்கு ஆவியாகிவிடும். நுண்ணுயிர் ஒரு பங்கைத் தின்னும், வெயிலும் காற்றும் மிச்சத்தை இறுக்கும். கடைசியில் கையில் ஒட்டும் கீல் மட்டும் நிற்கும்.

கலிபோர்னியாவில் சாந்தா பார்பராவுக்குப் பக்கத்தில் கோல் ஒயில் பொயின்ற் என்ற முனை இதற்குப் பேர்போன இடம். கடலடிக் கசிவிலிருந்து நாளொன்றுக்கு 100 பீப்பா அளவில் எண்ணெய் வருவதாகக் கணக்கு. லீற்றரில் சொன்னால் ஏறக்குறைய 16,000. மீதேன் குமிழி கொப்பளிக்கும், எண்ணெய்ப் படலம் நீரில் பரவும், கரையில் நடந்தால் காலில் தார் ஒட்டும். அதைத் தரும் மொன்டரே பாறை மயோசீன் காலத்துப் படிவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் அதே மயோசீன் காலத்ததுதான். வயது ஒன்றானாலும் பிறப்பு வேறு. யாழ்ப்பாணத்துக் கல் ஆழமில்லாத, தெளிந்த கடலில் படிந்தது. மொன்டரேயைப் போலப் பாசிச் சத்து அடர்ந்த சேறும் அல்ல, ஆழப் புதைந்து வெந்ததும் அல்ல.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படி ஒரு ஊற்று இருக்கவே முடியாது. நம் காலுக்குக் கீழே இருப்பது விஜயன் தொகுதிப் பாறை. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழைய, உருமாறிய நைஸ் கல். குடும்பிமலையில் கண்ணால் பார்ப்பது அந்தச் சாதிதான். எண்ணெய் தரும் சேறு அதில் கிடையாது. அது உருமாறிய சூட்டில் எந்த எண்ணெயும் மிஞ்சவும் மாட்டாது. இலங்கையில் எண்ணெய், வாயுவுக்கு வாய்ப்புள்ள படிவுகள் மன்னார், காவிரிப் படுகைகளில் இருக்கின்றன. 2011இல் மன்னார்க் கடலில் தோண்டியபோது வாயு கிடைத்தது அதனால்தான்.

அப்படியென்றால் கல்லடியிலோ திருக்கோவிலிலோ கரையில் எப்போதாவது காணும் கறுப்பு உருண்டை எங்கே இருந்து வருகிறது? பெரும்பாலும் கப்பலில் இருந்து. தொட்டி கழுவிய நீரும் எரிபொருள் மண்டியும் கடலில் விழுந்து, ஊற்றுக் கீல் பழுக்கும் அதே வழியில் பழுத்துக் கரை சேரும். அம்பாறைக் கடலுக்கு இதில் ஒரு பெரிய கண்டமும் தப்பியது. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற கப்பல் தீப்பிடித்தபோது, குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போன ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெய் அதற்குள் இருந்தது. மாலுமி ஒருவர் இறந்தார். கடலில் பரவியது கப்பலின் சொந்த எரிபொருள். சரக்குத் தொட்டிகள் தப்பின. தப்பாதிருந்தால் இந்தக் கரைக்குத் தார் கடையில் வாங்கவேண்டிய தேவையே இருந்திராது.

அந்த உருண்டையைப் பொறுக்கி உருக்கித் தோணிக்குப் பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றைக் கத்தியால் பிளந்து பாருங்கள். வெளியே மணலும் சிப்பித் தூளும் ஒட்டிய தடித்த தோல், உள்ளே தேன்பாகு போலப் பளபளக்கும் மென்மை, நடுவில் சிறு துளிகளாகக் கடல்நீர். அந்த நீர்தான் ஆபத்து. நூறு பாகையைத் தாண்டிய தாருக்குள் நீர் நீராவியாகும்போது அதன் கொள்ளளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். சட்டி பொங்கி அடுப்பில் கொட்டும். அந்தச் சேதம் இல்லாமல் உருக்கி எடுத்தாலும் மிஞ்சுவது வெயிலில் நில்லாத இளகல் தார்.

இதைக் கசிவுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் நமக்கு முன்பே கண்டுவிட்டார்கள். சாந்தா பார்பராக் கரையின் சுமாஷ் மக்கள் பலகையைத் துளையிட்டு நாரால் கட்டி தொமோல் என்ற ஓடம் செய்தவர்கள். கரையில் ஒதுங்கும் இளகிய தாருக்கு அவர்களிடம் மலாக் என்று ஒரு பெயர், நிலத்தில் வெட்டியெடுக்கும் கெட்டித் தாருக்கு வோக்கோ என்று வேறு பெயர். ஓடத்துக்கு மலாக்கைத் தொடவில்லை. வோக்கோவை உருக்கிப் பைன் மரப் பிசினோடு சேர்த்து யொப் என்ற கலவை காய்ச்சினார்கள். 1769இல் வந்த ஸ்பானியப் படையினர் ஒரு ஊரில் ஓடம் கட்டுவதைக் கண்டு, தச்சுக் கொட்டில் என்ற பொருளில் அதற்குக் கார்பின்தேரியா என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊரில் தார்க் குழி இன்றும் ஊறுகிறது.

மெசப்பத்தேமியாவில் வேறு வழி. யூப்ரடீஸ் கரையில் ஹீத் என்ற ஊரின் கீலோடு மண்பொடியும் நறுக்கிய நாரும் சேர்த்து நாணல் படகுக்குப் பூசினார்கள். ஓமானின் ராஸ் அல் ஜின்ஸ் கரையில் 4,000 ஆண்டுக்கு மேற்பட்ட பூச்சுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் நாணலின் அச்சு, மறுபக்கம் கடலில் ஒட்டி வளர்ந்த சிறு சிப்பியுயிர்களின் கூடு. 1595இல் திரினிடாட் தீவின் கீல் ஏரியில் கப்பலின் மூட்டை அடைத்த ஆங்கிலக் கடலோடி வோல்டர் ராலி, நோர்வேத் தார் வெயிலில் உருகும், இது உருகுவதில்லை என்று எழுதிவைத்தார். உருகாததற்குக் காரணம், அந்த ஏரிக் கீலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நுண்ணிய களியும் கனிமத் தூளும் இயற்கையாகவே கலந்திருப்பது.

ஆகத் தனித் தாரை எவரும் மூட்டில் ஊற்றவில்லை. கெட்டியான தார், அதோடு பிசின் அல்லது தூள். நம் ஊர்க் கடைச் சரக்கையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும். நமக்குப் பைன் இல்லை, ஆனால் குங்கிலியம் உண்டு. குங்கிலியத் தூளைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி மூட்டடைப்பது பழைய வழக்கம். இன்றும் சின்ன ஒழுக்குக்கு அதை மிஞ்சிய மருந்து குறைவு.

கடையில் எப்படி அடையாளம் காண்பது

ரின்னின் தாளில் எழுதியிருப்பது பல வேளை போதாது. தாள் உரிந்த ரின்னும், பழைய போத்தலில் ஊற்றி விற்பதும் உண்டு. முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "நானா, இது தண்ணியில கரையிறதா, மண்ணெண்ணெயில கரையிறதா?" தெரியாது என்றால் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீருக்குள் விடுங்கள். கபிலநிறமாகப் பால்போலக் கலந்தால் நீர்க்குழம்பு. உருண்டையாக ஒதுங்கி நின்றால் கரைப்பான் வகை.

அடுத்தது நிறை. சுத்தப் பிற்றுமின் லீற்றருக்கு 1.03 கிலோ அளவு, மண்ணெண்ணெய் 0.8 கிலோ. பாதிக்குப் பாதி கலந்தால் லீற்றர் 0.91 கிலோ சுற்றி வரும். ஒரு லீற்றர் 0.87 கிலோதான் நிறுக்கிறது என்றால் உள்ளே தார் 30 வீதம்தான், மிச்சம் எண்ணெய். அப்படிப்பட்ட ரின் விலை குறைந்தாலும் நட்டம், ஏனென்றால் பலகையில் நிற்பது தார் மட்டும், எண்ணெய் காற்றோடு போய்விடும். ஒரு குறுக்கு வழியையும் கவனிக்கவேண்டும். களித்தூளைக் கலந்து நிறையைக் கூட்டுவார்கள். குச்சியை அடிவரை விட்டுக் கிளறினால் சேறு போல ஒரு படை தட்டுப்படும். விரலிடையில் தேய்த்தால் நறநறக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமானால், ஒரு ரின் மூடியில் 100 கிராம் ஊற்றி, மழை படாத வெயிலில் நிறை மேலும் குறையாத வரைக்கும் வைத்து நிறுங்கள். மிஞ்சிய கிராம்தான் திண்மப் பங்கின் வீதம். 50க்குக் குறைந்தால் அந்தச் சரக்கைத் திரும்ப வாங்கவேண்டாம்.

கட்டித் தாருக்கு வேறு சோதனை. உருக்கி ஒரு சொட்டை ஓட்டில் விட்டு ஆறவைத்து, ஓட்டைச் சாய்த்து மத்தியான வெயிலில் வைக்கவேண்டும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் இங்கே கறுப்புப் பரப்பின் சூடு 60 பாகையைத் தாண்டும். றோட்டுக்கு வரும் 80/100, 60/70 வகைகள் 45 முதல் 55 பாகைக்குள் இளகிவிடும். ஆகவே பின்னேரத்துக்குள் சொட்டு நாக்கு நீட்டியிருக்கும். காற்றூதிய 85/25 அசையாது. அந்த இலக்கங்களின் கணக்கு ஆளைக் குழப்பும். றோட்டு வகையில் இரண்டு இலக்கமும் ஊசி இறங்கும் ஆழத்தின் எல்லைகள். 25 பாகையில் 100 கிராம் பாரமுள்ள ஊசி ஐந்து விநாடியில் எவ்வளவு இறங்குகிறது என்று மில்லிமீற்றரின் பத்திலொன்றில் அளப்பது. காற்றூதிய வகையில் முன் இலக்கம் இளகும் சூடு, பின் இலக்கம் ஊசி ஆழம். 80/100 என்பது 85/25ஐ விடக் கெட்டி என்று நினைத்து வாங்குவது அடிக்கடி நடக்கும் பிழை.

கரைப்பான் ரின்: இதற்குத்தான் கூடிய புள்ளி

சரக்கு நல்லதாக இருந்தால் மரத்தில் ஊறிப் பிடிக்கும், ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குத் தடிப்பிலேயே நீரைத் தடுக்கும், அடுத்த வருடம் மேலே அப்படியே பூசலாம். தோணிக்குச் சொந்தக்காரர் ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை. அளவுக் கணக்கு இதுதான்: 18 அடித் தோணியின் வெளி அடிப்பக்கம், விலாவிலிருந்து விலாவுக்கு 4 அடி என்று வைத்தால் 72 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 6.7 சதுர மீற்றர். கரடுமுரடான பலகையில் ஒரு லீற்றர் 5 சதுர மீற்றர்தான் போகும். இரண்டு பூச்சுக்கு 2.7 லீற்றர். 4 லீற்றர் ரின் ஒன்று போதும். ஒரு லீற்றரை 5 சதுர மீற்றரில் பரப்பினால் ஈரத் தடிப்பு 0.2 மில்லிமீற்றர், பாதி ஆவியாகிக் காய்ந்தால் 0.1. ஒரே ரின்னில் மூன்று தோணி முடிக்கலாம் என்று சொல்பவரின் தோணியில் எவ்வளவு தடிப்பு நிற்கும் என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம்.

பூசும் காலம் வாடை மழை நின்று நன்றாகக் காய்ந்த பிறகு, மாசி பங்குனியிலிருந்து ஆவணி வரை. தோணியைக் கவிழ்த்து நிழலில் பத்து நாளாவது காயவிடவேண்டும். நேர்வெயிலில் காயவைத்தால் பலகை வெடிக்கும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு சாணளவு பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டிப் பலகையில் இரவு விடுங்கள். காலையில் உள்ளே பனி பூத்திருந்தால் இன்னும் ஈரம். ஈரத்தின் மேல் பூசிய தார் கொப்புளித்து, தட்டினால் தோலாகக் கழன்று வரும்.

பழைய தாரில் பிடிமானமுள்ளதை விட்டுவிடலாம். கழன்றதை மட்டும் சுரண்டவேண்டும். எனாமல் பெயின்ற் பூசிய இடமென்றால் முழுக்க எடுக்கவேண்டும். தாரும் எனாமலும் சேராது. எனாமலுக்கு மேலே தார் பூசினால் முதலைத் தோல் மாதிரி வெடிக்கும். தாருக்கு மேலே எனாமல் பூசினால் கபிலக் கறை ஊறி வெளியே வரும். வெள்ளைக் கோடு போட ஆசைப்படுபவர்கள் தாரின் எல்லைக்கு மேலே, வெறும் பலகையில் போடட்டும்.

முதல் பூச்சு இளக்கியது: நாலு பங்கு தாருக்கு ஒரு பங்கு ரெப்பன்ரைன். இதில் மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான் இங்கே பரவலான பழக்கம், விலை குறைவு என்பதால். மண்ணெண்ணெய் மெதுவாகப் போகும். மேலே தோல் காய்ந்து உள்ளே எண்ணெய் அடைபட்டு, ஒரு மாதம் கழித்தும் நகத்தால் அழுத்தினால் குழி விழும். மண்ணெண்ணெய்தான் கையில் இருக்கிறதென்றால் இரண்டு பூச்சுக்கும் இடையில் 24 மணி நேரத்துக்குப் பதில் மூன்று நாள் விடவேண்டும். பெற்றோல் வேண்டவே வேண்டாம். ஒரு பீடி போதும்.

காலையில் பனி காய்ந்து 9 மணிக்குத் தொடங்கி, பின்னேரம் 3 மணிக்கு நிறுத்தவேண்டும். முதல் கை பலகையின் நார்ப்போக்கில், இரண்டாவது கை இளக்காமல் தடிப்பாக. ஏராவின் (நடு அடிக்கட்டையின்) இரு பக்கமும், அணியத்தின் (முன்பக்கத்தின்) கீழும், மணலில் இழுபடும் இடங்கள் எல்லாவற்றுக்கும் மூன்றாவது கை. தண்ணீரில் இறக்க முன் ஏழு நாள்.

தாரில் நஞ்சு இல்லை என்பதையும் மனதில் வைக்கவேண்டும். மரம் துளைக்கும் புழுவை அது கொல்லாது, வழியை மட்டும் அடைக்கும். மணலில் இழுத்துக் கீறல் விழுந்த இடத்தால் புழுக் குஞ்சு ஊசிமுனைத் துளையில் நுழைந்து உள்ளே பெருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை தோணியைக் கவிழ்த்துக் கீறலைத் தொட்டுவிடுவது, வருடம் ஒருமுறை முழுக்கப் பூசுவதைவிடப் பலன் கூடியது. உள்பக்கத்தில், மீன் போடும் இடத்தில், பூசாதீர்கள். மீனில் வாடை ஏறும், வாங்குபவர் முகர்ந்ததும் விலை குறைப்பார்.

மூட்டுக்குக் கட்டித் தார்

மூட்டு அடைப்பது, பழைய சொல்லில் கலப்பற்று, பூச்சைவிட நுட்பமான வேலை. மூட்டிலுள்ள பழைய பஞ்சையும் தாரையும் வளைந்த கொக்கியால் இழுத்து எடுத்து, இளக்கிய தாரை மெல்லிய தூரிகையால் உள்ளே தொட்டுக் காயவிடவேண்டும். பிறகு பருத்தி நூலையோ சணலையோ முறுக்கி உளியால் இறுக்கவேண்டும். இறுக்கத்துக்கு அளவு உண்டு. காய்ந்த பலகையில் நிரப்பி அடித்தால், தண்ணீரில் இறங்கிப் பலகை ஊதும்போது போக இடமில்லாமல் ஆணியையும் வங்கையும் (உள்ளே இருக்கும் விலாச் சட்டத்தையும்) தள்ளும். ஒழுக்கை நிறுத்த அடித்தது ஒழுக்கைக் கூட்டும். நூலுக்கு மேலே 3 முதல் 4 மில்லிமீற்றர் பள்ளம் விட்டு, அதைக் கீலால் நிரப்பவேண்டும்.

அந்தக் கீலுக்கு ஒரு கிலோ 85/25க்கு 250 கிராம் சுண்ணக்கல் தூள் என்று தொடங்கலாம். தூள் எலும்பு போலக் காய்ந்திருக்கவேண்டும், இல்லையேல் பொங்கும். ஓட்டில் சொட்டு விட்டுப் பாருங்கள். வெயிலில் வழிந்தால் இன்னும் தூள். ஆறியபின் சுத்தியலால் தட்டினால் கண்ணாடி போலச் சிதறினால் தூள் கூடிவிட்டது, கொஞ்சம் பிற்றுமின் சேருங்கள். இரண்டுக்கும் நடுவில், நகம் அழுந்தியும் அழுந்தாமலும் நிற்கும் பதம்தான் வேண்டியது.

உருக்குவதில்தான் ஆட்கள் வெந்துபோகிறார்கள். சட்டியில் பாதிக்கு மேல் போடவேண்டாம். கட்டியைச் சின்னதாக உடைத்து, சிறு தீயில், மூடி பக்கத்தில் வைத்து. 180 பாகை சுற்றியே போதும். நீலப் புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது, தாரும் கருகி நொறுங்கும் குணமாகும். தீப்பிடித்தால் மூடியைப் போட்டு மணலைக் கொட்டவேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. சூட்டுச் சட்டியில் மண்ணெண்ணெய் சேர்க்கவே கூடாது. மண்ணெண்ணெய் ஆவி 38 பாகையிலிருந்தே பற்றக்கூடியது, சட்டியோ அதைப்போல் நாலைந்து மடங்கு சூடு. நீளக்கை சட்டை, தோல் கையுறை, மூடிய சப்பாத்து. தோலில் சூட்டுத் தார் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்து, தாரைப் பிடுங்காமல் அப்படியே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும். காற்றின் மேல்பக்கம் நின்று கிளறவேண்டும், உருகும் தாரின் புகை நுரையீரலுக்குக் கூடாது.

இந்தச் சரக்கைப் பற்றிய ஒரே குறை, எல்லாக் கடையிலும் கிடையாது. தட்டுக் கூரைக்கு நீர்த்தடுப்பு வேலை செய்பவர்களிடம் கேட்டால் எங்கே எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

மற்ற இரண்டும், ஒரு எச்சரிக்கையும்

நீர்க்குழம்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, வேலை வேறு. மணம் குறைவு, ஈரச் சீமெந்திலும் பிடிக்கும், தூரிகையைத் தண்ணீரில் கழுவலாம். காயும்போது கபிலம் கறுப்பாக மாறும். முழுக்கக் கறுத்து, விரலில் ஒட்டாமல் ஆகும்வரை மழை படக்கூடாது. ஐப்பசியில் பூசிவிட்டு மேகத்தைப் பார்ப்பவர்களின் தார், முற்றத்தில் ஓடும். எந்நேரமும் தண்ணீருக்குள் நிற்கும் தோணி அடிக்கு இது தாங்காது. கிணற்றின் உள்சுவருக்கோ குடிநீர்த் தொட்டிக்கோ, குடிநீருக்கு ஏற்றதென்று தெளிவாக எழுதியிராத எந்தத் தாரும் வேண்டாம்.

றோட்டுத் தாரை வேலித் தூணின் அடிக்குப் பயன்படுத்தலாம். மண்ணுக்குள் வெயில் இல்லை, ஆகவே வழியாது. தூணின் அடியிலிருந்து நிலமட்டத்துக்கு மேலே ஒரு சாண் வரை தோய்த்தால் போதும். மரம் முதலில் உக்குவது நிலமட்டத்தில்தான்.

எச்சரிக்கை நிலக்கரித் தாருக்கு. பழைய பீப்பாவில் சில இடங்களில் இன்னும் அகப்படும். புழுவுக்கு எதிராகப் பிற்றுமினைவிட வலியது என்பது உண்மை. புற்றுநோய் தரும் பொருள் அதில் நிறைய என்பதும் உண்மை. தோலில் பட்டு வெயில் பட்டால் எரிச்சல் எடுக்கும். கண்டுபிடிக்க வழி உண்டு: காய்ந்த துண்டொன்றை ரெப்பன்ரைனில் நனைத்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். பிற்றுமின் என்றால் துணி உடனே கருங்கபிலமாகும். நிலக்கரித் தார் மிகக் கொஞ்சமே கரைந்து, மஞ்சள் சாயல் காட்டும். பாச்சுருண்டை கலந்தது போன்ற கார மணமும் காட்டிக்கொடுக்கும்.

பைபர் போட்டுக்கு ஏன் கூடாது? சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பைபர் பெருகியது, தார்ப் பழக்கம் மட்டும் மரத் தோணிக் காலத்தது. வெடிப்பில் தார் வைத்தால் இரண்டு நாள் ஒழுக்கு நிற்கும். பிறகு ரெசினும் பைபர் நார்ப் பாயும் வைத்து ஒழுங்காக ஒட்டப் போனால், தார் ஊறிய இடத்தில் ரெசின் பிடிக்காது. தின்னரால் துடைத்தால் தார் இன்னும் ஆழமாக வெடிப்புக்குள் போகும். வெடிப்பைச் சுற்றிக் கையகல இடத்தைக் கிரைண்டரால் அரைத்து எடுத்துத்தான் திருத்தவேண்டி வரும், செலவு மூன்று மடங்கு. கடலில் அவசரமென்றால் துணியும் மெழுகும் அடைத்துக் கரைக்கு வரலாம்.

கையில், காலில் ஒட்டிய ஆறிய தாருக்கு மண்ணெண்ணெய் தேய்க்கவேண்டாம், தேங்காயெண்ணெய் போதும். ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, பழந்துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம். பாதி மிஞ்சிய கரைப்பான் ரின்னின் மூடியை இறுக்க முன் மேலே ஒரு மேசைக்கரண்டி ரெப்பன்ரைனைக் கிளறாமல் ஊற்றிவிடுங்கள். தோல் பிடிக்காமல் அடுத்த பங்குனி வரை நிற்கும்.